10 வருஷத்துல மூணே மூணு கட்டா... கராத்தேவுக்கு சிலபஸ் போட்ட ஸ்கூல் வாத்தியார் கிச்சின் ஃபுனாகோஷி!

கராத்தே கிளாஸ் போகிற பசங்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, இப்போ என்ன கலர் பெல்ட் என்றுதான். ஆனால் அவங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிற கேள்வி வேற. இப்போ எந்த கட்டா கத்துக்கிட்டு இருக்கே என்பதுதான் அது.

கட்டான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பு, குத்து, உதை எல்லாவற்றையும் தனியாளாகச் செய்து காட்டுவதுதான் கட்டா. எந்தப் பக்கம் திரும்பணும், எந்தக் கால் முன்னாடி வரணும், எந்தக் கை மேலே போகணும்... எல்லாமே முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. ஒரு அசைவைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதற்குத் தனிப் பதக்கமே கொடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் தங்கம் ஜெயித்த ரியோ கியூனா, கராத்தே பிறந்த ஓகினாவா தீவைச் சேர்ந்தவர்.

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பெரிய கராத்தே பள்ளிகளில் ஒன்று ஷோட்டோகான். அங்கே எந்த நாட்டு கிளாஸுக்குப் போனாலும் கட்டா வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் ஹெய்யான் ஷோடான். அப்புறம் நிடான், சாண்டான், யோண்டான், கோடான் என ஹெய்யான் வகையில் மொத்தம் ஐந்து. ஆறாவதாக டெக்கி ஷோடான். அதைத் தாண்டினால்தான் பஸ்ஸாய், கான்கு மாதிரியான பெரிய கட்டாக்கள். சில மாசத்துக்கு ஒரு டெஸ்ட். பாஸானா அடுத்த பெல்ட், அடுத்த கட்டா. அப்படியே ஸ்கூல் சிலபஸ் மாதிரி இருக்குல்ல?

இருக்கத்தான் செய்யும். ஏன்னா, இதுக்கு அடித்தளம் போட்டவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். பெயர், கிச்சின் ஃபுனாகோஷி. நவீன கராத்தேவின் தந்தை என்று கொண்டாடப்படுபவர்.

இதில் வேடிக்கை என்னன்னா, அவர் கராத்தே கத்துக்கிட்டது இந்த வரிசையில் இல்லை. இன்று பசங்க ஆறாவதாக, சில மாதங்களில் முடிக்கிற டெக்கி இருக்கிறதே... அந்த வகையில் மொத்தமே மூன்று கட்டாக்கள்தான். அந்த மூன்றுக்கு அவர் செலவழித்தது சுமார் 10 வருடங்கள்! அப்படிக் கத்துக்கிட்ட மனுஷன், ஏன் வேற மாதிரி சொல்லிக் கொடுத்தார்?

பிழைக்குமா என்று பயந்த குழந்தை

ஓகினாவாவின் ஷூரி நகரில் 1868-ல் பிறந்தார் ஃபுனாகோஷி. ஜப்பானில் மெய்ஜி ஆட்சி தொடங்கிய அதே வருடம். குறைப்பிரசவக் குழந்தை. ரொம்ப நாள் உயிரோடு இருக்காது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அம்மா வழி தாத்தா, பாட்டிதான் எடுத்து வளர்த்தார்கள்.

அப்போது ஓகினாவா ஒரு பெரிய மாற்றத்தின் நடுவில் இருந்தது. அதுவரை ரியூக்யூ என்ற தனி ராஜ்ஜியமாக இருந்த தீவுகளை 1879-ல் ஜப்பான் தன் மாகாணமாக ஆக்கிக்கொண்டது. ராஜா போனார், பழைய பிரபுக் குடும்பங்களின் வருமானமும் போனது. ஃபுனாகோஷியின் குடும்பமும் அப்படி நொடித்துப்போன ஒன்றுதான்.

அவருக்கு டாக்டராக ஆசை. டோக்கியோ மருத்துவக் கல்லூரித் தேர்வு எழுத 1870-லோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. பிறந்த வருடத்தையே மாற்றிப் பதிந்து தேர்வு எழுதினார். பாஸும் ஆனார். ஆனால் சேர முடியவில்லை. காரணம், குடுமி!

ஓகினாவா ஆண்களுக்குக் குடுமி என்பது கௌரவம். புதிய அரசாங்கமோ அதை வெட்டச் சொன்னது. குடுமி வைத்தவர்களுக்குக் கல்லூரியில் இடமில்லை. வெட்டவே கூடாது என்று பிடிவாதமாக நின்ற கூட்டத்தில் ஃபுனாகோஷி குடும்பமும் இருந்தது. டாக்டர் கனவு அங்கேயே முடிந்தது.

1888-ல் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதற்கும் அதே நிபந்தனை. இந்த முறை அவர் வெட்டிவிட்டார். வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்து அப்பா கொதித்துப் போனார். அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்வாசல் வழியாகத் தன் பிறந்த வீட்டுக்கு ஓடிவிட்டார்.

ஒரு முடிக் கற்றைக்கு இவ்வளவு கலாட்டாவா என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால், பழையதை எதுவரை பிடித்துக்கொள்வது, எப்போது விடுவது என்ற கேள்வியை அவர் 20 வயதிலேயே சந்தித்துவிட்டார். பிற்பாடு கட்டா விஷயத்திலும் அதே கேள்விதான் அவர் முன்னால் வந்து நின்றது.

ராத்திரி கிளாஸ்... ஒரே கட்டா!

பள்ளியில் கூடப் படித்த ஒரு பையனின் அப்பா, அங்கோ அசாட்டோ. ஷூரியின் பெரிய கராத்தே வித்தகர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் கராத்தேவை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். ரகசியக் கலை. அதனால் கிளாஸ் ராத்திரியில்தான்.

ஊர் அடங்கிய பிறகு கையில் சின்ன விளக்கோடு கிளம்பிப் போவார் ஃபுனாகோஷி. அசாட்டோ வீட்டுப் பின்கட்டில், மங்கலான வெளிச்சத்தில் பயிற்சி. முடித்துத் திரும்பும்போது விடிந்திருக்கும். தினமும் விடியற்காலையில் வீடு திரும்பும் வாத்தியாரைப் பார்த்த அக்கம்பக்கத்தினர், ஆள் தப்பான இடத்துக்குப் போய்வருகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார்களாம்.

பயிற்சி எப்படின்னா... ஒரே கட்டா. இன்னைக்கும் அதேதான், நாளைக்கும் அதேதான். வாரங்கள் மாதங்களாகும். அசாட்டோ திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சரியில்லை என்றால் திரும்பச் செய்யச் சொல்வார். கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் திரும்பத்தான் செய்யச் சொல்வார். விளக்கம் கிடையாது, பாராட்டு அதைவிடக் கிடையாது. தனக்கு வெறுத்துப்போகும், அவமானமாகவும் இருக்கும் என்று ஃபுனாகோஷி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குரு திருப்தி ஆகும்வரை அடுத்த கட்டா என்ற பேச்சே இல்லை.

அசாட்டோவின் நண்பர் அங்கோ இட்டோசு. இரண்டு பேருக்கும் ஒரே முதல் பெயர்! இவரிடமும் ஃபுனாகோஷி கற்றார். ஷூரி வழக்கப்படி அடிப்படைக் கட்டா நைஹான்ச்சி. இதுதான் இன்றைய டெக்கி.

நைஹான்ச்சியைப் பார்த்திருக்கீங்களா? குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி கால்களை அகட்டி நின்றுகொண்டு, ஒரே நேர்க்கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். முன்னால் போவது, பின்னால் போவது கிடையாது. பாயும் உதை, பறக்கும் தாவல் எதுவும் இல்லை. பார்க்க போரடிக்கும். ஆனால் செய்து பார்த்தால் ரெண்டே நிமிஷத்தில் தொடை நடுங்கும். இதில் மூன்று கட்டாக்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடத்துக்கு மேல். மொத்தம் சுமார் 10 வருடங்கள்.

அந்த நிலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு புயல் கதை உண்டு. சூறாவளி அடிக்கும்போது வீட்டுக் கூரை மீது ஏறி, தரையில் விரிக்கும் கனத்த ஜப்பானியப் பாயைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிரை நிலையில் காற்றை எதிர்த்து நின்றாராம். காற்று தள்ளி விழுந்தால், சேற்றோடு எழுந்து மறுபடி ஏறுவார். வாத்தியார் செய்கிற வேலையா இது!

பள்ளிக்கூடம் மாற்றிய வரிசை

இப்போது கதையில் ஒரு திருப்பம். 10 வருடம் மூன்றே கட்டா சொல்லிக் கொடுத்த அதே இட்டோசு, 1900-களின் தொடக்கத்தில் கராத்தேவை ஓகினாவா பள்ளிகளுக்குள் கொண்டு வந்தார். ரகசியக் கலை பகல் வெளிச்சத்துக்கு வந்தது. 1908-ல், கராத்தேவால் என்ன நன்மை என்று 10 குறிப்புகள் எழுதி கல்வித் துறைக்கே அனுப்பினார்.

ஆனால் பள்ளியில் பழைய முறை எடுபடாது. அசாட்டோ வீட்டில் ஒரு குரு, ஒரு மாணவன். பள்ளியிலோ ஒரு மாஸ்டருக்கு முன்னால் ஒரு வகுப்பே நிற்கும். வருடம் முடிந்தால் வகுப்பும் மாறிவிடும். குஷாங்கு மாதிரி நீளமான, கஷ்டமான பழைய கட்டாக்களைப் பசங்க தலையில் கட்ட முடியாது.

அதனால் இட்டோசு ஐந்து புதிய கட்டாக்களை உருவாக்கினார். பழைய கட்டாக்களில் இருந்த அசைவுகளை எடுத்து, சின்னச் சின்ன பாடங்களாகத் தொகுத்தார். அமைதி என்ற பொருள் வரும்படி பினான் என்று பெயர் வைத்தார். இன்றைய ஹெய்யான் வரிசை இதுதான்.

அதாவது, உலகம் முழுக்கப் பசங்க முதலில் கற்கும் கட்டாக்கள் ஆதிகாலத்துச் சொத்து கிடையாது. சுமார் 100 வருடங்களுக்கு முன், பள்ளிப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்ட பாடங்கள் அவை.

53 வயதில் டோக்கியோ

30 வருடங்களுக்கு மேல் ஆசிரியர் வேலை. கூடவே கராத்தே. ஃபுனாகோஷியின் பெயர் மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. 1921-ல் ஐரோப்பா போகும் வழியில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ ஓகினாவா வந்தபோது, ஷூரி கோட்டையில் நடந்த கராத்தே காட்சியை நடத்தியவர் இவர்தான்.

அடுத்த வருடம், 1922. கல்வி அமைச்சகம் டோக்கியோவில் நடத்திய விளையாட்டுக் கண்காட்சிக்கு ஓகினாவா சார்பில் அனுப்பப்பட்டார். காட்சியை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்புவதுதான் திட்டம். ஆனால், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் கோடோகான் பயிற்சிக்கூடத்தில் செய்துகாட்ட அழைத்தார். ஃபுனாகோஷி அங்கே செய்த கட்டா, குஷாங்கு. பார்த்தவர்கள் விடவில்லை. இங்கேயே இருந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 53 வயதில், மனைவியையும் குடும்பத்தையும் ஊரில் விட்டுவிட்டு, டோக்கியோவில் தங்கிவிட்டார்.

தங்கியது எங்கே தெரியுமா? ஓகினாவா மாணவர்களுக்கான ஒரு ஹாஸ்டலில் சின்ன ரூம். வாடகைக்குப் பதிலாக வாட்ச்மேன் வேலை, தோட்ட வேலை, ரூம்களைப் பெருக்கும் வேலை. ஹாஸ்டல் சமையல்காரருக்கு கராத்தே சொல்லிக் கொடுத்து, சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகையாளர் வந்து, கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி எங்கே என்று கேட்டாராம். ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், நல்ல கிமோனோவை மாட்டிக்கொண்டு வந்து, நான்தான் ஃபுனாகோஷி என்று அறிமுகம் செய்துகொண்டாராம். அந்த ரிப்போர்ட்டர் முகம் எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு சமயம் கையில் காசே இல்லை. பழைய தொப்பியையும் கையால் நெய்த கிமோனோவையும் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். அந்தப் பழசுக்கு எதிர்பார்த்ததைவிட நிறையப் பணம் கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, கடை ஊழியரின் தம்பி இவருடைய கராத்தே மாணவர்!

மனைவியை டோக்கியோவுக்குக் கூப்பிட்டார். அவர் வர மறுத்துவிட்டார். முன்னோர்களுக்கான வழிபாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்றார். ஊரில் காய்கறி பயிரிட்டு, துணி நெய்து குடும்பத்தை நடத்தியவர் அவர். கணவர் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தே கராத்தே கற்றுக்கொண்டவரும்கூட.

எதை வைப்பது, எதை முதலில் வைப்பது?

டோக்கியோவில் அவரிடம் வந்த மாணவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பசங்க. 1924-ல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கிளப் தொடங்கியது. அடுத்தடுத்து மற்ற பல்கலைக்கழகங்களும். ஜூடோவில் கானோ கொண்டுவந்த டான், பெல்ட் முறையை ஃபுனாகோஷி கராத்தேவுக்கு எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி திரும்ப வருகிறது. கல்லூரி மாணவன் சில வருடங்களில் படிப்பை முடித்துப் போய்விடுவான். அவனிடம் 10 வருடம் நைஹான்ச்சி செய் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த நாள் வருவானா?

ஃபுனாகோஷி வாத்தியாராக யோசித்தார். இட்டோசுவின் ஐந்து பினான்களை முன்னால் வைத்தார். அதிலும் ஒரு சிக்கலைச் சரி செய்தார். இட்டோசு வரிசையில் முதல் பினானைவிட இரண்டாவது பினான்தான் சுலபமானது. அதனால் இரண்டையும் இடம் மாற்றினார். பழைய இரண்டாவது, புதிய முதலாவது ஆனது. அதுதான் இன்றைய ஹெய்யான் ஷோடான்.

செய்து பார்த்தவர்களுக்கு இந்த லாஜிக் புரியும். ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள். உதையே கிடையாது. கீழ்த் தடுப்பு, நேர் குத்து, மேல் தடுப்பு என்று சில அசைவுகள்தான் திரும்பத் திரும்ப வரும். திரும்புவது, நேராக நடப்பது, மறுபடி திரும்புவது, அவ்ளோதான். இரண்டாவதில் உதை வரும். மூன்றாவதில் முழங்கை வேலை. நான்காவதில் உதைகள் இன்னும் அதிகம், முழங்காலும் சேரும். ஐந்தாவதில் தாவல். இதையெல்லாம் முடித்துவிட்டு, 65 அசைவுகள் கொண்ட பெரிய கட்டாவான கான்குவுக்குப் போனால், ஏற்கெனவே தெரிந்த துண்டுகள் ஆங்காங்கே வந்து கை கொடுக்கும். பினான் தொகுக்கப்பட்டதே அந்த மாதிரி பழைய கட்டாக்களில் இருந்துதானே!

அடுத்து பெயர்கள். ஓகினாவாப் பெயர்கள் டோக்கியோ பசங்களுக்கு வாயிலேயே நுழையவில்லை. பல பெயர்களுக்கு அர்த்தமும் தெளிவாகத் தெரியாது. பினானை ஜப்பானிய உச்சரிப்பில் ஹெய்யான் என்றார். நைஹான்ச்சி, இரும்புக் குதிரை என்ற பொருளில் டெக்கி ஆனது. கைகளை உயர்த்தி வானத்தைப் பார்ப்பதில் தொடங்கும் குஷாங்குவுக்கு, வானம் பார்த்தல் என்ற பொருளில் கான்கு. ஒற்றைக் காலில் நிற்கும் சின்ட்டோவுக்கு, பாறை மேல் நிற்கும் கொக்கு என்ற பொருளில் கங்காகு. மேலும் கீழும் சட்டென்று மாறும் வான்ஷுவுக்கு, பறக்கும் குருவியான என்பி. பெயரைக் கேட்டாலே கட்டா ஞாபகம் வரும்!

1935-ல் வெளியான கராத்தே-டோ கியோஹான் என்ற தன் நூலில் அவர் விளக்கிய கட்டாக்கள் 15. ஐந்து ஹெய்யான், மூன்று டெக்கி, மேலே ஏழு. அந்தக் காலத்தில் ஓகினாவாவில் இன்னும் நிறையக் கட்டாக்கள் புழக்கத்தில் இருந்தன. அவருக்கு 15 போதும் என்று தோன்றியது. இன்று ஷோட்டோகான் பட்டியலில் 26 இருக்கின்றன. மிச்சமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

கலையின் பெயரையே மாற்றியதிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. கராத்தே என்பதைச் சீனக் கை என்று பொருள் தரும் எழுத்துகளில் எழுதி வந்தார்கள். உச்சரிப்பு மாறாமல், வெறும் கை என்று பொருள் தரும் எழுத்துக்கு மாற்றினார். சீனாவோடு ஜப்பான் மோதிக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு அரசியல் வசதியும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. ஓகினாவாவில் எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் 1936-ல் அங்குள்ள மாஸ்டர்களே கூடிப் பேசி அந்தப் புது எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு குருவும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார்கள்.

ஃபுனாகோஷியிடம் படித்து, வாடோ-ரியூ பள்ளியைத் தொடங்கியவர் ஹிரோனோரி ஓட்சுகா. அவர் பழைய பினான் பெயர்களையே வைத்துக்கொண்டார். ஆனால் சொல்லிக் கொடுக்கும்போது சுலபமான இரண்டாவதுதான் முதலில் வரும். அதனால் இன்றும் வாடோ கிளாஸில் ஷோடானுக்கு முன்னால் நிடான் வரும். கேட்கக் குழப்பமா இருக்கும், காரணம் இதுதான்.

இட்டோசுவின் இன்னொரு மாணவரான கென்வா மபுனி நேர் எதிர். கிடைத்த கட்டாக்களையெல்லாம் சேகரித்தார். அவர் தொடங்கிய ஷிட்டோ-ரியூவில் கட்டாக்கள் டஜன் கணக்கில் உண்டு. கான்புன் உயெச்சி சீனாவில் கற்று வந்து சொல்லிக் கொடுத்தது வெறும் மூன்று. பிற்காலத்தில் மாணவர்கள் எளிதாக ஏறுவதற்காக இடையில் ஐந்து படிகள் சேர்க்கப்பட்டு, எட்டு ஆனது. கோஜு-ரியூவில் சான்ச்சின் என்ற ஒரே கட்டாவை வருடக்கணக்கில் செய்வது பழைய வழக்கம். அந்தப் பள்ளியின் நிறுவனர் சோஜுன் மியாகியும் 1940 வாக்கில் ஆரம்ப மாணவர்களுக்காக கெகிசாய் என்ற எளிய கட்டாக்களை உருவாக்கினார்.

கவனிச்சீங்களா? யாருமே கட்டா வரிசையை வானத்திலிருந்து இறங்கிய வேதமாக நினைக்கவில்லை. எதிரில் நிற்கும் மாணவன் யார், அவனிடம் எவ்வளவு காலம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

கிடைத்ததும் இழந்ததும்

தமிழில் ஒரு பழமொழி உண்டு. அகல உழுவதைவிட ஆழ உழு. ஃபுனாகோஷியின் கவலையும் கிட்டத்தட்ட இதுவேதான். அந்தக் காலத்துப் பெரிய வித்தகர்களுக்கே மூன்று, ஐந்து கட்டாக்களுக்கு மேல் தெரியாது, ஆனால் தெரிந்ததை ஆழமாக அறிந்திருந்தார்கள் என்று அவர் எழுதினார். இன்றைய மாணவர்களுக்கு நிறையத் தெரிகிறது, ஆழம்தான் போதவில்லை என்பது அவருடைய வருத்தம்.

கட்டாவை அவசரமாக முடித்துவிட்டு சண்டைக்கு ஓடும் மாணவர்களையும் அவரால் ஏற்க முடியவில்லை. டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் கவசம் மாட்டிக்கொண்டு மோத ஆரம்பித்தபோது, அந்த கிளப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

இன்னொரு பக்கம், அவரே வரிசையை இன்னும் எளிமையாக்கவும் தயங்கவில்லை. மகன் கிகோ அப்பாவின் முக்கிய உதவியாளராக வளர்ந்தார். அந்தக் காலகட்டத்தில், ஹெய்யானுக்கும் முன்னால் கற்க வேண்டிய டைக்யோகு என்ற மிக எளிய கட்டாக்கள் வந்தன.

1930-களின் இறுதிக்குள் மாணவர்கள் பணம் திரட்டி அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். அவர் கவிதை எழுதப் பயன்படுத்திய புனைபெயர் ஷோட்டோ. பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை என்று பொருள். அந்தப் பெயரிலேயே ஷோட்டோகான். 70 வயதை நெருங்கும்போதுதான் அவருக்குச் சொந்தமாக ஒரு கூடம் கிடைத்தது.

அதுவும் நிலைக்கவில்லை. போருக்குப் போன மாணவர்கள் பலர் திரும்பவே இல்லை. 1945-ல் விமான குண்டுவீச்சில் ஷோட்டோகான் எரிந்து சாம்பலானது. அதே வருடம் கிகோ காசநோயால் இறந்தார். ஓகினாவாவே போர்க்களமாகச் சிதைந்தது. அங்கிருந்து தப்பி கியூஷு தீவின் ஓய்ட்டாவுக்கு வந்திருந்தார் மனைவி. 20 வருடங்களுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த இருவரும் அங்கே மறுபடி சேர்ந்தார்கள். காய்கறி வளர்த்து, கடற்பாசி பொறுக்கிச் சாப்பிட்ட வறுமையான நாள்கள். 1947-ல் மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய அஸ்தியோடு ஃபுனாகோஷி டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியில் பல ஸ்டேஷன்களில் பழைய மாணவர்கள் வந்து காத்திருந்து, துக்கம் விசாரித்தார்கள். கட்டடம் போனாலும் அவர் சொல்லிக் கொடுத்த பசங்க இருந்தாங்க. 1949-ல் அவர்கள் தொடங்கிய ஜப்பான் கராத்தே சங்கம்தான் பின்னாளில் அவருடைய கட்டா வரிசையைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனது.

1957 ஏப்ரல் 26-ம் தேதி, 88 வயதில் ஃபுனாகோஷி காலமானார். பிழைக்காது என்று எல்லோரும் நினைத்த குழந்தை!

அடுத்த கட்டா எப்போ?

ஃபுனாகோஷி செய்தது சரியா? கராத்தேவை ஸ்கூல் பாடமாக்கி நீர்த்துப்போகச் செய்துவிட்டார் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. படிக்கட்டு போட்டுக் கொடுத்தால், எல்லோருடைய கண்ணும் அடுத்த படியில்தான் இருக்கும். காலுக்குக் கீழே இருக்கும் படியை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தப் படிக்கட்டு இல்லையென்றால், கராத்தே ஒருவேளை ஷூரியின் ஏதோ ஒரு பின்கட்டில், நாலைந்து பேரோடு முடிந்து போயிருக்கும். இரண்டையும் அனுபவித்தவர் அவர். ஆழத்தின் அருமை தெரிந்தே அகலத்துக்கு வழி விட்டார். தான் போட்ட வரிசையே கடைசி என்றும் அவர் நினைக்கவில்லை. காலம் மாற மாற கட்டாக்களின் பெயர்களும் மாறும், மாறுவதுதான் நியாயம் என்று தன் சுயசரிதையில் எழுதினார். குடுமியை வெட்டியவர் அல்லவா!

அவர் மாற்றாமல் விட்டது ஒன்று உண்டு. கராத்தேவில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்ற கொள்கை. காமகுராவின் எங்காகு-ஜி கோயிலில் இருக்கும் அவரது நினைவுக்கல்லில் பொறித்திருப்பதும் அதைத்தான். ஹெய்யான் ஐந்தையும் கவனித்துப் பாருங்கள். எந்தக் கட்டாவும் குத்திலோ உதையிலோ தொடங்காது. தடுப்பில்தான் தொடங்கும்.

நீங்களோ, உங்க வீட்டுக் குட்டியோ கராத்தே கத்துக்கிட்டு இருந்தா, அடுத்த டெஸ்ட் பாஸானதும் ஒரு வேலை செய்யுங்க. புதுக் கட்டாவுக்கு ஓடுறதுக்கு முன்னாடி, முதன்முதலா கத்துக்கிட்ட ஹெய்யான் ஷோடானை இன்னொரு தடவை, நிதானமா செஞ்சு பாருங்க. முடிச்சதும்... திரும்ப ஒரு தடவை. அசாட்டோ திண்ணையில் உட்கார்ந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பார்.